மக்தலேனா அக்காவின் வெள்ளிக்கிழமை விளக்கு

மக்தலேனா அக்காவை ஞாயிறு பள்ளியில் நாங்கள் லேயாள் என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் என்றால், முதல் ஆள் நான். அக்காவுக்கு ஏழு வயதிலேயே தடித்த கண்ணாடி. பாட்டுப் புத்தகத்தை மூக்கில் ஒட்ட வைத்துக்கொண்டுதான் பாடுவாள். யாக்கோபின் கதையை நடத்திய அன்று, மூத்தவள் லேயாளுக்குக் கண் பார்வை சரியில்லை, இளையவள் ராகேல்தான் அழகி என்று வாத்தியார் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தப் பெயர் அவளை விடவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கிருந்துதான் சொல்லியாக வேண்டும்.

கூடப் பிறந்தவள் இல்லை, வயதில் மூத்தவள் என்பதால் அக்கா. அவளுக்கு இப்போது ஐம்பத்து நாலு, எனக்கு ஐம்பத்திரண்டு. என் பெயர் விஜயகுமாரி. யாங்கோனின் தாமுவே பேட்டையில் இருக்கிற எங்கள் தமிழ் சபையின் செயலாளர் ஜேம்ஸின் மனைவி. ஊர்ப் பெயரை யாங்கோன் என்று எழுதினாலும் எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான். அக்காவின் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. அம்மா, மூட்டை தூக்குகிற குடும்பத்திலிருந்து வந்தவர், பெயர் காளியம்மா. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்து எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். வைத்து என்ன? சாகிற வரைக்கும் சபையில் அவர் காளியம்மாதான். அக்கா காளியம்மா மகள்தான்.

மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்றாவது மாப்பிள்ளையின் அம்மா, அக்காவைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கையில் ஊசியும் நூலும் கொடுத்துக் கோர்க்கச் சொன்னார். அக்கா ஊசியைத் திருப்பி அந்த அம்மாள் கையிலேயே வைத்து, "நீங்க கோத்துக் காட்டுங்க, பாக்கலாம்" என்றாள். அந்த அம்மாளுக்கும் வரவில்லை. கல்யாணமும் வரவில்லை. நாலாவதாக யாரையும் வீட்டுக்குள் விடவேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

லான்மடா பேட்டையில் ஒரு நகலெடுக்கும் கடை வைத்தாள். பிள்ளைகளின் சான்றிதழ், பாஸ்போர்ட் தாள், விசா படிவம், எல்லாம் அவள் மெஷினுக்குள் போய் வரும். ஊரை விட்டுப் போகிறவர்கள் அத்தனை பேரும் அவள் கடை வழியாகத்தான் போகிறார்கள் என்று நான் கேலி செய்வேன். கடைக்கு மேலே நாலாவது மாடியில் வீடு. எதிர்க் கதவில் குடியிருந்தவள் மோசல்.

மோசல் யூதப் பெண். இருபத்தாறாம் தெருவில் ஜெபஆலயம் வைத்திருக்கிறார்களே, அந்தச் சமூகம். விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான் மிச்சம். மோசலுக்கு அக்கா வயதுதான். வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பாள். இரண்டு பேரும் பர்மியத்தில் பேசி, கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். மாலையில் லபெயே என்கிற பால் தேநீரைக் கிளாஸில் ஊற்றி வைத்துக்கொண்டு வேதத்தை வைத்துச் சண்டை போடுவார்கள். "பாதி வேதம் எங்களுது" என்பாள் அவள். "முழுசையும் படிச்சவ நான்" என்பாள் அக்கா.

ஒரு நாள் அப்படிச் சண்டையில், தன்னைச் சின்ன வயசில் லேயாள் என்று கேலி செய்த கதையை அக்கா சொல்லியிருக்கிறாள். மோசல் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாளாம். "அது எப்படிக் கேலி ஆகும்?" என்று கேட்டாளாம். அவர்களுடைய பழைய ரபிமார் அந்தக் கண்ணுக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் இரண்டு பையன்கள், ஏசாவும் யாக்கோபும். இன்னொரு வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவனுக்கு மூத்தவள், இளையவனுக்கு இளையவள் என்று ஊரே பேசிவைத்துவிட்டது. லேயாள் வழிப்போக்கர்களை நிறுத்தி, மூத்தவன் எப்படிப்பட்டவன் என்று விசாரித்தாள். பொல்லாதவன் என்றார்கள். அவனுக்கு நான் வேண்டாம் என்று ஆண்டவரிடம் அழுதாள். இமை மயிர் உதிர்கிற வரைக்கும் அழுதாள். அந்த அழுகையால்தான் கண் கெட்டது. ஊர் எழுதிவைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதற்கு அந்தக் கண் அடையாளம். ரபிமாருக்கு அது குறையே இல்லை, அவளுக்குப் பெருமை.

அக்கா இதை எங்கள் புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் சொன்னாள். வேதபாடம் நடத்துகிற பொறுப்பு அவளுடையது. பதினைந்து வருஷமாக நடத்துகிறாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, சேலை முந்தானையில் துடைத்து, என்னைத்தான் பார்த்தாள். என்னால் உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய், தண்ணீர்க் குழாயடியில் நின்று நன்றாக அழுதேன்.

அன்றிலிருந்து புதன்கிழமை வேறு மாதிரி ஆனது. அதுவரை எட்டு பேர் வருவோம், நாலு பேர் தூங்குவோம். இப்போது இருபது பேர். தமிழ் பாதிதான் புரிகிற இளம்பெண்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக அக்கா நடுநடுவே பர்மியத்தில் சொல்வாள். தீர்க்கதரிசனத்தில் ஆபிரகாமைவிட அவர் மனைவி சாராள் ஒரு படி மேல் என்று யூதர்கள் சொல்வதைச் சொன்னாள். அதைக் கேள்விப்பட்ட ஜேம்ஸ் அன்று வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை.

மிரியாமின் கதையும் அப்படித்தான் வந்தது. ஆண் குழந்தைகளை ஆற்றில் போடச் சொன்னான் எகிப்து ராஜா பார்வோன். பிறகு எதற்குப் பிள்ளை பெறவேண்டும் என்று மிரியாமின் அப்பா அம்ராம் மனைவியை விலக்கிவைத்தார். அவர் பெரிய மனிதர். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் விலக்கிவைத்தார்கள். ஐந்தாறு வயசு மிரியாம் அப்பா முன்னால் போய் நின்றாள். "பார்வோன் ஆண்பிள்ளைகளைத்தான் இல்லாமல் ஆக்குகிறான். நீங்கள் பெண்பிள்ளைகளையும் சேர்த்து இல்லாமல் ஆக்குகிறீர்கள். உங்கள் கட்டளை அவன் கட்டளையைவிட மோசம்" என்றாள். அம்ராம் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அவளுக்குத் தம்பியாக மோசே பிறந்தான். எங்கள் அப்பாக்கள் யாராவது அப்படித் திரும்ப அழைத்திருப்பார்களா என்று அக்கா கேட்டபோது கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

"இதெல்லாம் வேதத்தில இருக்கா?" என்று ஜேம்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே மறித்துக் கேட்டார்.

"வேதத்தில இல்லை. வேதத்தைப் படிச்சவங்க கேட்ட கேள்வியில இருக்கு" என்றாள் அக்கா. "நீங்க ஏதாவது கேட்டிருக்கீங்களா, ஜேம்ஸ்?"

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் ஒரு சாக்குக்குக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அதை எடுத்துக் கையில் கொடுத்தவள் நான்.

மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ரத்தினம்மாள் வீட்டில் ஜெபக்கூட்டம். அவர் வீடு லான்மடாவில், அக்கா குடியிருக்கிற கட்டடத்துக்கு நேர் எதிரே. பொழுது சாயப் போகிற நேரம், கரண்ட் போய்விட்டது. அந்தத் தெருவில் வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குள் இருட்டிவிடும். வியர்வை தாங்காமல் நானும் ஜேம்ஸும் பால்கனிக்கு வந்தோம். எதிரே நாலாவது மாடி ஜன்னலில் ஒரு சுடர். அதற்கு முன்னால், தலையில் முக்காடு போட்டு, குனிந்து, முகத்தைச் சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு பெண். இரண்டாவது சுடர் ஏறியதும் நிமிர்ந்து, கண்ணை மூடி, கை கூப்பி நின்றாள்.

"மக்தலேனா அக்கா மாதிரி இருக்கே" என்றேன். என் வாய் அப்படி.

ஜேம்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை. விளக்கு. குனிஞ்சு கும்பிடுறா. இன்னும் என்ன வேணும்?" என்றார். "காளியம்மா மகள் காளிகிட்டேயே போயிட்டா."

எனக்கும் அப்படித்தான் பட்டது, மறைக்க மாட்டேன். தமிழர் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு இந்துக்கள் வாராவாரம் அம்மனுக்கு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வேறு வெள்ளிக்கிழமை விளக்கு ஒன்று உலகத்தில் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? கரண்ட் ஐந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் அந்த ஜன்னல் ஓரத்து நாற்காலியில் மோசலைப் பார்த்திருப்போம். கரண்ட் வந்தபோது நாங்கள் உள்ளே போயிருந்தோம். தெருவே வழக்கம்போல "மீ லா பீ!" என்று கூவியது. கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம். ஜேம்ஸ் அப்போதே இரண்டு கமிட்டி உறுப்பினர்களிடம் சொல்லி முடித்திருந்தார்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. ஐந்து ஆண்கள், போதகர் தேவநேசன் ஐயர், ஒரு மேஜை. டீ கொண்டுபோகிற சாக்கில் நானும் உள்ளே நின்றேன். அக்காவை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஜேம்ஸ் தான் பார்த்ததைச் சொன்னார். அக்கா கடைசி வரை கேட்டாள்.

"அது மோசலோட விளக்கு" என்றாள். "யூதப் பொம்பளைங்க ஓய்வுநாளை வரவேற்க, வெள்ளிக்கிழமை பொழுது சாயுறதுக்கு முன்னாடி ஏத்துறது. கரண்ட் இல்லாத படியில விழுந்து அவளுக்கு வலது கை உடைஞ்சிருக்கு, மாவுக்கட்டு போட்டிருக்கு. தீக்குச்சி கிழிச்சது நான். அவ இடது கையைப் பிடிச்சுக்கிட்டது நான். ஏத்தினது அவ. அவ ஜெபத்தை அவ சொன்னா, நான் கண்ணை மூடி என் ஜெபத்தைச் சொன்னேன்."

"அப்ப எதுக்குக் குனிஞ்சு கும்பிட்டீங்க?"

"கும்பிடலை, ஜேம்ஸ். திரி தெரியலை."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். தேவநேசன் ஐயருக்கு முகம் தெளிந்தது. அவர் நல்ல மனிதர், சண்டை என்றால் தலைவலி வந்துவிடும். முடிந்தது என்று நினைத்து அவர் டீயை எடுத்தார். ஜேம்ஸ் விடவில்லை.

"நாங்க நம்புறோம். ஆனா பாத்தவங்களுக்கு இடறலாயிடுச்சே? அதுக்கு ஒரு வார்த்தை மன்னிப்பு, ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி கேக்கணும். கேக்குற வரைக்கும் நற்கருணை கிடையாது. புதன்கிழமைக் கூட்டத்தை வேற ஆள் நடத்தட்டும்."

எங்கள் சபையில் இடறல் என்கிற சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. நீ தப்பு செய்யவில்லை, ஆனால் எங்கள் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தாய், அதற்கு நீ மன்னிப்புக் கேள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

"ஒரே ஒரு வார்த்தைதானேம்மா" என்றார் ஐயர். "சமாதானத்துக்காக."

அக்காவுக்கு அந்தப் புதன்கிழமை எவ்வளவு பெரிது என்று அந்த அறையில் என்னைவிட யாருக்கும் தெரியாது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாரம் முழுக்க அடுத்தவர் தாளை நகலெடுக்கிறவளுக்குத் தன் சொந்தப் பேச்சு என்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

"ஐயா, ஆலயத்தில ஜெபம் பண்ணின அன்னாளைப் பாத்து, குடிச்சிருக்கான்னு ஆசாரியர் ஏலி நெனச்சார். அவ இல்லேன்னு சொன்னா. அதுக்கப்புறம் அவ மன்னிப்புக் கேட்டாளா?"

"இல்லைம்மா."

"சரி. ஞாயித்துக்கிழமை எந்திரிக்கிறேன்" என்றாள் அக்கா.

அவள் சம்மதித்துவிட்டாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் பேனாவை மூடினார்.

அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தை நடத்த ஜேம்ஸ் எழுதிய பெயர் என்னுடையது. என்னைக் கேட்கக்கூட இல்லை. போனேன். நாற்காலி போட்டேன், காற்றாடியைச் சுழலவிட்டேன். ஒருத்திகூட வரவில்லை. ஒரு மணி நேரம் நானும் காற்றாடியும் மட்டும். வீட்டுக்கு வந்ததும் ஜேம்ஸ், கூட்டம் எப்படி என்று கேட்டார்.

"நீங்க அக்காவை மட்டும் நிறுத்தினதா நெனச்சுக்கிட்டிருக்கீங்க" என்றேன். "எங்க அத்தனை பேரையும் நிறுத்திட்டீங்க. பார்வோனே தேவலை." முப்பது வருஷத்தில் அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் லொங்யி கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மோசல் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். தானும் சபைக்கு வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்று பர்மியத்தில் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "சாட்சியைக் கூட்டிட்டுப் போனா நான் குத்தவாளின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் சொன்னா போதும்" என்றாள். நான் வாசலிலேயே நின்றேன். பால்கனியில் முதலில் வாயைத் திறந்தது நான்தான் என்று சொல்ல வந்தவள், சொல்லாமல் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு மழை ஒரு பொருட்டில்லை. பிரசங்கம் முடிந்ததும் தேவநேசன் ஐயர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சகோதரி மக்தலேனா ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறார் என்றார். அக்கா எழுந்து நடுவழியில் வந்து நின்றாள். தலையில் அதே முக்காடு.

விளக்கு விஷயத்தைக் கமிட்டியில் சொன்ன மாதிரியே சொன்னாள். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு சொன்னாள்:

"அன்னாள் உதடு அசைஞ்சுது, சத்தம் வரலை. எப்படி ஜெபம் பண்ணணும்னு யூத ரபிமார் அந்தப் பொம்பளைகிட்ட இருந்துதான் கத்துக்கிட்டாங்க. அவ ஏலியைப் பாத்து, 'இந்த விஷயத்தில நீர் எஜமான் இல்லை'ன்னு சொன்னான்னும் சொல்றாங்க. ஆசாரியரைப் பாத்து. ஆலயத்துக்குள்ள. அதோட இன்னும் ரெண்டு விஷயம் கத்துக்கிட்டாங்க. தப்பில்லாம சந்தேகத்துக்கு ஆளானவ, வாயை மூடிட்டுப் போகக்கூடாது, நான் அப்படி இல்லேன்னு சொல்லியே ஆகணும். அது அவ பங்கு. நான் என் பங்கைச் செஞ்சுட்டேன். சந்தேகப்பட்டவருக்கும் ஒரு பங்கு இருக்கு. அவர் சமாதானம் சொல்லணும். அது மட்டும் பத்தாது, அவளை ஆசீர்வதிக்கணும். ஏலி அன்னைக்கு அன்னாளை ஆசீர்வதிச்சாரே, அது அவரோட பெரிய மனசு இல்லை. அவர் செய்ய வேண்டிய காரியம் அது. செஞ்சார்."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் மன்னிப்புக் கேக்க எந்திரிக்கலை. ஆசீர்வாதத்தை வாங்கிக்க எந்திரிச்சேன். காத்துக்கிட்டு நிக்கிறேன்."

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. ஜேம்ஸ் ஐயரைப் பார்த்தார், ஐயர் தன் கையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் போயிருக்கும். அக்கா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தேவநேசன் ஐயர் மெதுவாகப் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். அவள் தலைமேல் கை வைத்தார். கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி ஆசீர்வாதத்தைச் சொன்னார். உங்களை மன்னிப்புக் கேட்கச் சொன்னது என் தப்பு அம்மா என்றும் சொன்னார்.

"ஆமென்" என்றாள் அக்கா. உட்காரவில்லை. "ஐயா, நீங்க பாக்கலை. பாத்தவர் அங்கே இருக்கார்."

எல்லோரும் ஜேம்ஸ் பக்கம் திரும்பினார்கள். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"நானும் பாத்தேன்" என்றேன். "அக்கா மாதிரி இருக்குன்னு முதல்ல சொன்னது நான்தான். லேயாள்னு முதல்ல கூப்பிட்டதும் நான்தான்." நடந்துபோய் அவள் முன்னால் நின்றேன். என்ன சொல்லி ஆசீர்வதிப்பது என்று தெரியவில்லை. அவள் கன்னத்தில் கை வைத்து, "உன் கண்ணு நல்லா இருக்கட்டும், அக்கா" என்றேன். அவள் கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்தது. பிறகு திரும்பி, ஆண்கள் பக்கம் பார்த்து, "எந்திரிச்சு வாங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்தான் வந்தது.

ஜேம்ஸ் வந்தார். முகம் சிவந்திருந்தது. கையைத் தூக்குவதா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தி, கடைசியில் தூக்கினார். வேதத்தில் ஏலி சொன்ன வார்த்தைதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

"சமாதானத்தோடே போங்க" என்றார்.

"நான் எங்கேயும் போகலை, ஜேம்ஸ்" என்றாள் அக்கா. "இங்கேதான் உக்காரப் போறேன். புதன்கிழமையும் வருவேன்."

முன்வரிசைக்குப் போய் நடுவில் உட்கார்ந்தாள். ஐயர் பாட்டு எண்ணைச் சொன்னார். மக்தலேனா அக்கா புத்தகத்தை மூக்கில் ஒட்ட வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் பாடத் தொடங்கினாள்.